பம்புக்கு ஈரத்துணி

மேட்டுப்பாளையத்தில், ஊட்டி ரோடு மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பட்டறை இருந்தது. தகரக் கூரை, உள்ளே இரண்டு கொட்டகை, இரண்டுக்கும் தகர ஷட்டர். அங்கே புது வண்டி எதுவும் வராது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பங்களாக்களில் நிற்கும் பழைய இங்கிலீஷ் கார்கள்தான் வரும். மாரிஸ் வரும், ஆஸ்டின் வரும், எப்போதாவது ஒரு ஹில்மன் முக்கி முனகி வந்து சேரும்.

பட்டறையின் குருவுக்குப் பெயர் தெய்வானை. வயது முப்பத்துநாலு. கையில் ஸ்பேனர், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. அவள் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போனால் குழந்தைக்குத் தொட்டில் பட்டறையில்தான்.

சீடருக்குப் பெயர் நஞ்சுண்டன். வயது ஐம்பத்தாறு. ஆமாம், சரியாகத்தான் சொல்கிறேன். குருவைவிடச் சீடருக்கு இருபத்திரண்டு வயது கூடுதல். அவள் அவரை 'ண்ணா' போட்டுக் கூப்பிடுவாள். அவர் அவளை 'அம்மணி' என்பார். வெளியாள் இருந்தால் மட்டும் 'மேஸ்திரி' என்பார்.

இருபத்தெட்டு வருடம் நூல் மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர் நஞ்சுண்டன். மில்லை மூடியதும் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார முடியவில்லை. ஃபேனைக் கழற்றினார், மிக்ஸியைக் கழற்றினார். தையல் மெஷினைக் கழற்றப் போனபோது அவர் மனைவி சுந்தரி, "இதுல கை வெச்சீங்கன்னா உங்களைக் கழட்டிருவேன்" என்றார். மறுநாள் பட்டறைக்கு வந்து தெய்வானை முன்னால் நின்றார். அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

அவர் கை சுத்தமான கை. மில்லில் எங்காவது ஒரு குழாயில் காற்று கசிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கசிவைக் கண்டால் அடைக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான். ஊறுகாய் பாட்டிலை அவர் மூடினால் அவரே வந்து திறந்தால்தான் உண்டு.

அப்படிப்பட்ட மனிதருக்கு, அந்த வியாழக்கிழமை ஒரு கேள்வி வந்துவிட்டது.

"அம்மணி, நடுவழியில நிக்கவே நிக்காத மாதிரி ஒரு வண்டியைச் செய்யறது எப்படி?"

தெய்வானை ஒரு ஆஸ்டினுக்கு அடியில் படுத்திருந்தாள். அங்கிருந்தே பதில் வந்தது.

"பிரேக்கைப் புடுங்கி எறிஞ்சிருங்ணா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது.

முந்தின நாள் ஒரு கல்யாணம். குன்னூரில் பேக்கரி வைத்திருக்கும் கிளெமென்ட்டிடம் ஒரு மாரிஸ் மைனர் உண்டு. பாலாடை நிறம், உருண்டை முதுகு, பார்த்தால் பன் மாதிரியே இருக்கும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார். அந்த வண்டியை முதன்முறையாக நஞ்சுண்டன் தனியாக ரிப்பேர் செய்து முடித்திருந்தார். தெய்வானை ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. பெண்ணை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போனவரும் அவரேதான்.

கல்லாறு தாண்டி மலை ஏறியது வண்டி. எட்டாவது கொண்டை ஊசி வளைவில் இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

மாலையும் கழுத்துமாகப் பெண் ரோட்டில் நின்றாள். குரங்கு ஒன்று மாலையை எட்டிப் பார்த்தது. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்க, ஊட்டிக்கு வெறுமனே ஏறிக்கொண்டிருந்த ஒரு காரட் லாரியைக் கை காட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் பெண்ணை ஏற்றி அனுப்பினார்கள். தாலி கட்டும்போது பெண்ணின் பின்னலில் ஒரு காரட் தழை இருந்ததாம். போட்டோவில்கூடத் தெரிகிறதாம்.

இதெல்லாம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே, சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. அதுதான் நஞ்சுண்டனுக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க ஃபோர்மேன், இன்னிக்குப் பொண்ணு உருளைக்கெழங்கு லாரியா, முட்டைக்கோஸ் லாரியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவர் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார்.

பட்டறைக்குக் கிளெமென்ட் வந்திருந்தார்.

"மேஸ்திரி, வர்ற திங்கக்கிழமை எங்க அண்ணன் பொண்ணு ஷெர்லிக்குக் கல்யாணம். பத்து மணிக்குக் குன்னூர் சர்ச்சுல பூசை. காரமடையில இருந்து இதே வண்டியிலதான் வருவேன்னு பிடிவாதம் பிடிக்குது. நீங்களே கை வெச்சுக் குடுங்க."

தெய்வானை குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணாதான் செஞ்சாரு. அவரே பாப்பாரு."

"அவரா?" கிளெமென்ட் நஞ்சுண்டனை மேலும் கீழும் பார்த்தார். "இங்க பாருங்க சார். திங்கக்கிழமை நின்னுச்சுன்னா வண்டியை எடைக்குப் போட்டுருவேன். நீங்களும் ஸ்பேனரை எடைக்குப் போட்டுட்டு வேற வேலை பாருங்க."

"போட்டுடறேனுங்க" என்றார் நஞ்சுண்டன். சும்மா சொல்லவில்லை. மனதுக்குள் சத்தியமே செய்துகொண்டார். இந்தத் தடவை நின்றால் இனி ஸ்பேனரைத் தொடுவதில்லை.

மாரிஸைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டாவது கொட்டகையில் விட்டார். ஷட்டரை இறக்கினார். தரையில் ஒரு நூல் வெளிச்சம்கூட வராத மாதிரி அடியில் சாக்கை வைத்து அடைத்தார்.

*

அந்த மாரிஸில் ஒரு பம்பு இருக்கிறது. பின்னால் டேங்கில் இருக்கிற பெட்ரோலை முன்னால் இஞ்சினுக்கு இழுத்துக் கொடுப்பது அதுதான். கரண்டில் ஓடும். சாவியைத் திருப்பினால் இஞ்சினுக்கு முன்னால் முதலில் பேசுவது பம்புதான். டக்டக்டக்டக் என்று பரபரவென அடிக்கும். வயிறு நிறைந்ததும் வேகம் குறைந்து, டக்... டக்... என்று வந்து, பேசாமல் இருந்துவிடும். அப்புறம் இஞ்சின் கேட்கக் கேட்க ஒவ்வொரு டக்காகக் கொடுக்கும்.

புதன்கிழமை வளைவில் நின்றபோது அந்தப் பம்புக்குப் பேச்சே இல்லை. கை வைத்தால் கொதித்தது.

சூடுதான் காரணம் என்று முடிவு கட்டினார் நஞ்சுண்டன். ஆறியதும் கிளம்பியதே! மலை ஏறும் பழைய வண்டிக்காரர்கள் பம்புக்கு ஈரத்துணி போடுவார்கள், காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போடுவது மாதிரி. இவரும் போட்டார். அது போதாதென்று பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே ஒரு தகரத்தை வெட்டி நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை பம்பைப் பிரித்து, உள்ளே கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கும் பாயிண்டை மாற்றினார். டேங்கில் இருந்ததை வடித்துவிட்டு, மூன்று லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றி பர்லியாறு வரை ஏற்றிப் பார்த்தார். நிற்கவில்லை. மனசு ஒரு நிலையில் நிற்காததால் திரும்பி வந்து உள்ளே இருந்த ரப்பர் சவ்வையும் மாற்றினார்.

சனிக்கிழமை கோயம்புத்தூர் போய் இரண்டு புதுப் பம்பே வாங்கி வந்து ஒன்றை மாட்டினார். மறுபடியும் மூன்று லிட்டர், மறுபடியும் பர்லியாறு. நிற்கவில்லை. பிறகும் பழைய பம்பு நல்லதோ என்று தோன்றியது. கழற்றி அதை மாட்டினார். புதியது நல்லதோ என்று தோன்றியது. கழற்றி இதை மாட்டினார்.

ராத்திரி சாப்பிடும்போது அவர் விரல் தட்டின் ஓரத்தில் டக்டக்டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சுந்தரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சோத்தைத் திங்கறீங்களா, தந்தி அடிக்கறீங்களா?"

"ம்."

"என்னதான் ஆச்சு வண்டிக்கு?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரி. அந்த ஊறுகாயையாவது திறந்து வெச்சுட்டு யோசிங்க."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரில் தட்டும் சத்தம் கேட்டது.

"ண்ணா! திறங்க."

அவர் ஒரு முழம் தூக்கினார். கீழே தெய்வானையின் கால் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்ணா. நான் என்ன பூனையா, இதுல நுழைஞ்சு வர?"

தூக்கினார். அவளுக்கு முழங்கை வரை கிரீஸ். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கத்திரியில் பிடித்த மாதிரி குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அது வீறிட்டுக்கொண்டிருந்தது.

"கியர் பாக்ஸை இறக்கி வெச்சுட்டேன், பாதியில விட முடியாது. இதுக்குப் பசி. பையில புட்டி இருக்கு, கொஞ்சம் பாலைக் குடுங்க."

"நானுங்களா? இன்னும் பம்பு..."

"பம்பு அழுகுதா?"

பம்பு அழவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"வண்டிக்கு என்ன பண்ணீங்க?" கேட்டுக்கொண்டே அவள் உள்ளே ஒரு அடி வைத்தாள். அவர் உடம்பு தானாக நகர்ந்து அவளுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றது.

"பம்புதானுங்க. வேற ஒண்ணுமில்லை."

"பம்பு மட்டுந்தானா?"

"பம்பு மட்டுந்தான். நானே பாத்துக்கறேன் அம்மணி."

"செரி" என்று போய்விட்டாள்.

நஞ்சுண்டன் தரையில் படுக்கப் போட்ட டயரில் உட்கார்ந்து புட்டியை எடுத்தார். சாய்த்ததும் மூடி ஓரத்தில் ஒரு சொட்டு பால் கசிந்து குழந்தையின் தாடையில் விழுந்தது. கசிவு! உடனே மூடியை இறுக்கினார். மில்லில் இறுக்கிய கை. இனி ஒரு சொட்டு வராது.

குழந்தை ஆவலாகப் பிடித்துக்கொண்டது. நாலு இழுப்பு இழுத்தது. ஐந்தாவது இழுப்பில் ரப்பர் காம்பு சப்பையாக ஒட்டிக்கொண்டது. குழந்தை இழுத்தது, இழுத்தது, முகம் சிவந்தது. புட்டியைத் தட்டிவிட்டு ஊரைக் கூட்டியது.

காம்பில் அடைப்பு என்று நினைத்தார். பையில் இன்னொரு காம்பு இருந்தது. மாற்றினார், இறுக்கினார். நாலு இழுப்பு. அழுகை. புட்டியின் அடியில் தட்டிப் பார்த்தார். பாலைக் குலுக்கினார். பழைய காம்பையே மறுபடி மாட்டினார். குழந்தை இப்போது அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"என்னங்ணா, அடிக்கறீங்களா அதை?"

பழந்துணியில் கை துடைத்துக்கொண்டே தெய்வானை வந்தாள். புட்டியை வாங்கினாள். பார்க்கக்கூட இல்லை, மூடியைக் கால் திருப்பு தளர்த்தி குழந்தையின் வாயில் வைத்தாள்.

குபுக் என்று ஒரு குமிழி பாலுக்குள் ஏறியது. அப்புறம் இன்னொன்று. குபுக், குபுக். காம்பு உப்பிக்கொண்டது. குழந்தை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, கால் கட்டை விரலை ஆட்டிக்கொண்டு குடித்தது.

"ஒழுகுதுங்களே அம்மணி" என்றார் நஞ்சுண்டன். உண்மையிலேயே இரண்டு சொட்டு ஒழுகியது.

"ஒழுகினா ஒழுகட்டுங்ணா. சட்டையைத் தொவைச்சுக்கலாம்."

பால் தீர்வதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு அவள் போனாள். நஞ்சுண்டன் ஷட்டரை இறக்கிவிட்டுப் பம்புக்குத் திரும்பினார்.

*

திங்கட்கிழமை காலை மாரிஸுக்குப் பூச்சரம் கட்டினார்கள். கல்யாணம் அல்லவா, போன தடவை மாதிரியே பெட்ரோல் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினார். பின்பக்க டிக்கியில் இரண்டு பம்பு, ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி நாலு, பம்பைத் தட்டிப் பார்க்க ஒரு சின்னச் சுத்தியல்.

"எத்தனை பம்பு?" என்றாள் தெய்வானை.

"மாட்டினது ஒண்ணு. கையில ரெண்டு."

"புள்ளைக்கே நான் ஒரு புட்டிதான் கொண்டு போறேன்" என்றாள்.

காரமடையில் பெண் ஏறினாள். ஷெர்லி, வெள்ளைப் பட்டு, கையில் பூங்கொத்து. கூட அவள் அத்தை ஞானம்மா, மடியில் பிஸ்கட் பொட்டலம். மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள்.

"டிரைவர் தம்பி, நேரா சர்ச்சுக்கா, இல்லை நடுவுல காரட் மண்டிக்குப் போயிட்டுத்தானா?" என்றார் அத்தை.

"அத்தை, சும்மா இருங்க" என்றாள் ஷெர்லி. அவளுக்கே சிரிப்பு.

நஞ்சுண்டனின் காதுக்குள் பம்பைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. டக்... டக்... டக்... கல்லாறு பாலம் தாண்டியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பாக்குத் தோப்பு கீழே போனது. ஐந்தாவது வளைவு. சட்டைக் காலர் நனைந்தது. ஏழு. டக்குக்கும் டக்குக்கும் நடுவே இடைவெளி நீண்டது. எட்டு. போன தடவை நின்ற இடம். தாண்டிவிட்டது! அவர் மூச்சை விடவே இல்லை.

ஒன்பதாவது வளைவில் வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

குரங்குகள் மதில்மேல் வந்து உட்கார்ந்தன.

"ஒன்பதே கால்" என்றார் அத்தை. "ஷெர்லி, செருப்பைக் கையில எடுத்துக்கோ. லாரியில ஏறணும்னா தடுக்கும்."

நஞ்சுண்டன் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். பம்புக்குப் பேச்சு இல்லை. கை வைத்தார், கொதித்தது. ஈரத்துணியைப் பிழிந்து போட்டார், புஸ்ஸென்று ஆவி வந்தது. சுத்தியலால் தட்டினார். இன்னொரு தட்டு. பம்பு வாயே திறக்கவில்லை.

டிக்கியைத் திறந்து மாற்றுப் பம்பை எடுத்தார். பத்து நிமிடத்தில் மாட்டினார், அத்தனை பழக்கம். சாவியைத் திருப்பினார். புதுப் பம்பு நாலே நாலு டக் அடித்தது. ஐந்தாவதில் நின்றது.

சரி, முடிந்தது என்று நினைத்தார். ஸ்பேனர் கையில் கனத்தது. கீழிருந்து ஏதோ ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது.

"வருது பாரு" என்றார் அத்தை.

நாலு டக். ஐந்தாவதில் நின்றது.

நாலு இழுப்பு. ஐந்தாவதில் காம்பு ஒட்டிக்கொண்டது.

நஞ்சுண்டன் மாற்றுப் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். புதுசு. பழசு மாதிரியே நிற்கிறது. நேற்று புட்டியிலும் இரண்டு காம்பு மாற்றினோம். காம்பில் ஒரு குற்றமும் இல்லை. குழந்தை மேலும் குற்றமில்லை. அது பாவம், இழுத்து இழுத்துப் பார்த்தது. தெய்வானை காம்பைத் தொடவே இல்லை. அவள் தொட்டது...

அவர் மெல்லத் திரும்பி வண்டியின் பின்பக்கம் பார்த்தார்.

பெட்ரோல் டேங்கின் மூடி. அதில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருந்தது. புதன்கிழமைக் கல்யாணத்துக்கு முந்தின நாள்வரை இருந்தது. அந்த ஓட்டை வழியாக வளைவில் பெட்ரோல் வாசம் வருகிறது, பட்டுப் புடவையில் ஏறும், கல்யாணப் பெண்ணுக்குத் தலை வலிக்கும் என்று நினைத்து, யாரும் சொல்லாமலே, யாரிடமும் சொல்லாமலே, அவர் அதில் ஈயம் வைத்து அடைத்திருந்தார். மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷரும் போட்டிருந்தார். அவ்வளவு அழகாக அடைத்ததில் அவருக்கு அப்போது ஒரு சின்னப் பெருமைகூட.

போய் மூடியில் கை வைத்தார். திருகினால் வரவில்லை, யாரோ உள்ளிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் திருகினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ் என்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. ரொம்ப நேரம் மூச்சுக்குத் தவித்த ஆள் இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு.

முன்னால் பம்பு, டக்டக்டக்டக்டக் என்று அடித்துத் தள்ளியது. வயிறு நிறைந்தது. டக்... டக்... பேசாமல் இருந்தது.

குரங்கு ஒன்று பயந்து மதிலிலிருந்து குதித்தது.

அவர் மூடியை ரோட்டோர மதில்மேல் வைத்தார். வெள்ளிப் பொட்டு மாதிரி அந்த ஈயம் மின்னியது. ஸ்பேனர் பெட்டியில் இருந்த கோணியூசியை அதன்மேல் நிறுத்தி, பம்பைத் தட்ட எடுத்து வந்த சுத்தியலால் ஒரே ஒரு அடி. பொட்டு தெறித்து விழுந்தது. அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைத் திரும்ப டேங்கில் மாட்டினார்.

வண்டியில் ஏறினார். இஞ்சினைக் கிளப்பினார்.

"பாப்பா, ஒரு விஷயம். வளைவுல கொஞ்சம் பெட்ரோல் வாசம் வரும். புடவையில ஏறினாலும் ஏறும்..."

"ஐய, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும் அங்கிள்!" என்றாள் ஷெர்லி. "சின்னப் பிள்ளையில பங்க்குல நின்னா அப்பாவை வண்டியை எடுக்கவே விட மாட்டேன்."

"இதை ஃபாதர்கிட்ட சொல்லி வைக்காதே" என்றார் அத்தை.

கீழிருந்து வந்த லாரி பக்கத்தில் வேகம் குறைந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏத்தணுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றார் நஞ்சுண்டன். "போலாம் ரைட்."

பத்தாவது வளைவு. பதினொன்று. பதினாலாவது வளைவும் கீழே போனது. பத்து அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது சர்ச் வாசலில் வண்டி நின்றது. இந்த முறை அவர் நிறுத்தி நின்றது.

கிளெமென்ட் ஓடி வந்தார். பெண்ணைப் பார்த்தார், பெண்ணின் பின்னலைப் பார்த்தார். தழை எதுவும் இல்லை. நஞ்சுண்டனின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

*

சாயங்காலம் பட்டறைக்கு வந்தபோது நஞ்சுண்டன் கையில் ஒரு கேக் பெட்டி இருந்தது. தெய்வானை கை கழுவிக்கொண்டிருந்தாள். தொட்டிலை இரண்டாவது கொட்டகைக்கு மாற்றியிருந்தாள். முதல் கொட்டகையில் வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

"நின்னுச்சுங்களா?"

"நின்னுச்சு."

"எங்க?"

"ஒம்பதாவது வளைவுல."

"அப்புறம்?"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த ஈயத் துணுக்கை எடுத்து அவள் ஈரக் கையில் வைத்தார். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்ணா இது?"

"டேங்க் மூடியில இருந்த ஓட்டையை நான்தான் அடைச்சேன். மொதக் கல்யாணத்துக்கு முந்தின நாள். வாசம் வரக்கூடாதுன்னு."

தெய்வானை அவரைப் பார்த்தாள், ஈயத்தைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். தொட்டிலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு தோள் வழியாக வந்தது.

"மூணு லிட்டர் ஊத்தி ஓட்டினா டேங்குல முக்காலுக்கு மேல காத்து, பம்பு இழுக்க இழுக்க அது விரிஞ்சு குடுக்கும். நின்னிருக்காது" என்றாள்.

"நிக்கலை. கழுத்து வரை நிரப்பினாத்தான் நின்னுச்சு."

"அட, நாலு நாளா அந்தப் பம்பையா போட்டு அடிச்சீங்க!"

அவரும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? நேத்து வேணும்னேதானே என்கிட்டப் புட்டியைக் குடுத்தீங்க?"

"இல்லீங்ணா. பசிச்சு அழுதுச்சு, குடுத்தேன்."

"மூடியைத் தளர்த்திக் காட்டினீங்களே?"

"பால் இறங்கலை, தளர்த்தினேன்."

"அப்ப வண்டிக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?" என்றாள் அவள். "ஷட்டரைப் போட்டுட்டு உள்ள இருந்தீங்க. கேட்டா, பம்பு மட்டுந்தான்னீங்க."

நஞ்சுண்டன் கேக் பெட்டியை பெஞ்சுமேல் வைத்தார்.

வாசலில் ஒரு ஹில்மன் நின்றிருந்தது. கோத்தகிரியிலிருந்து மத்தியானம் கட்டி இழுத்து வந்தது. எங்கே வேண்டுமானாலும் நிற்குமாம், எதற்கு நிற்கிறதென்று சொல்லாதாம்.

"இதையும் நீங்களே பாருங்க" என்றாள் தெய்வானை.

"நானுங்களா? நின்னுச்சுன்னு சொல்றேன்..."

"நின்னது வண்டி, நீங்க இல்லை. கேக்கை வெட்டுங்க, பசிக்குது."

கேக்கைத் தின்றார்கள். அப்புறம் இருவரும் ஹில்மனை இரண்டாவது கொட்டகைக்குத் தள்ளினார்கள். நஞ்சுண்டன் பெட்டியைத் திறந்தார், ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கினார். தொட்டிலில் குழந்தை புரண்டு படுத்தது.

அவர் கை பழக்கத்தில் ஷட்டருக்குப் போனது. பாதி இறக்கினார். இன்னும் இறக்கினார். அடியில் வைக்கிற சாக்கை எடுக்கக் குனிந்தார்.

முதல் கொட்டகையிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, தெய்வானையின் குரல் வந்தது.

"ஒரு முழம் விட்டு இறக்குங்ணா. புள்ளைக்குக் காத்து வரட்டும்."